சேனல் கெளுத்தி: வட அமெரிக்க நன்னீர் மீன் ஒன்றின் இயல்பும் பயனும்

கலங்கிய நீரில் வாழும் உயிர்களுக்குக் கண்ணால் ஆகும் பயன் குறைவு. மழைக்காலத்து ஆற்றில் கையை முழங்கை வரை விட்டால் விரல்கள் கண்ணுக்குப் புலப்படா. அத்தகைய நீரில் இரவு வேளையில் இரை தேடி, பகையினின்று தப்பி, இனம் பெருக்கி வாழும் மீனுக்குக் கண்ணைவிட மேலான வேறு கருவிகள் வேண்டும். அக்கருவிகளை நிரம்பப் பெற்ற மீன்குழு கெளுத்திக் குழுவாகும். அக்குழுவைச் சேர்ந்த மீன்களுள் அறிவியலார் மிக நுணுக்கமாக ஆராய்ந்தவற்றுள் ஒன்று வட அமெரிக்காவின் ஆறுகளில் வாழும் சேனல் கெளுத்தி.

இம்மீனைப் பற்றி நாம் அறிய வேண்டியதற்குக் காரணங்கள் இரண்டு. முதலாவது, விலங்கியல் பயிற்றுவோர்க்குப் புலனுறுப்புகளின் இயல்பை விளக்க இதனினும் நல்ல எடுத்துக்காட்டு கிடைத்தல் அரிது. இரண்டாவது, மீன்வளத் துறையின் களப்பணியாளர்களுக்கு இம்மீனின் வரலாறு ஒரு படிப்பினை ஆகும். பண்ணைக்குளத்தில் எவ்வியல்புகள் இதனைச் சிறந்த வளர்ப்பு மீனாக்கினவோ, அவ்வியல்புகளே வேற்று நீர்நிலைகளில் இதனை வேண்டாத விருந்தினனாகவும் ஆக்கின. இவ்விரண்டையும் ஒருங்கே காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெயரும் இருப்பிடமும்

இம்மீனின் அறிவியற்பெயர் இக்டாலூரஸ் பங்க்டேடஸ் என்பது. முதற்சொல் மீன், பூனை எனப் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களின் சேர்க்கை. இரண்டாவது, புள்ளிகளை உடையது என்னும் பொருள் கொண்ட இலத்தீன் சொல். ஒகையோ ஆற்றுப் பகுதியில் பயணம் செய்த ரஃபினெஸ்க் என்னும் இயற்கையியலார் 1818 ஆம் ஆண்டில் இதற்கு அறிவியல் முறைப்படி பெயரிட்டார். வயதாக ஆகப் புள்ளிகள் மறைந்து போவதாலும், இனப்பெருக்கக் காலத்தில் ஆண்மீனின் நிறமும் தலையின் வடிவும் மாறுவதாலும், பின்வந்தோர் இதே மீனை வெவ்வேறு இனங்கள் எனக் கருதி மீண்டும் மீண்டும் புதுப்பெயர் இட்டனர். ஓர் உயிரை அதன் வாழ்நாள் முழுவதும் நோக்காமல் ஒரு நிலையில் மட்டும் நோக்கினால் நேரும் குழப்பத்திற்கு இது நல்ல சான்று.

‘சேனல்’ என்னும் ஆங்கிலச் சொல் இங்கு வெட்டப்பட்ட கால்வாயைக் குறிப்பதன்று. ஆற்றின் நடுவே நீர் ஆழ்ந்து ஓடும் தடத்தையே குறிக்கும். சேற்றுக்குட்டைகளில் தங்கும் தன் உறவினங்களைப் போலன்றி, மணலும் கூழாங்கல்லும் பரவிய அடித்தளத்தின் மேல் ஓட்டமுள்ள நீரை இம்மீன் விரும்பும். கனடாவின் தென்பகுதி முதல் மெக்சிகோவின் வடபகுதி வரை, ராக்கி மலைகளுக்குக் கிழக்கே உள்ள பெரும் ஆற்றுத்தொகுதிகள் இதன் தாயகம். மிசிசிப்பி, மிசௌரி, ஒகையோ ஆகிய ஆறுகளும் அவற்றின் கிளைகளும் அவற்றுள் தலையாயவை. ஏரிகளிலும் நீர்த்தேக்கங்களிலும் இது நன்கு வாழும்.

இம்மீனை உள்ளடக்கிய குடும்பத்தில் ஏறத்தாழ 50 இனங்கள் உள்ளன. அவை யாவும் வட அமெரிக்காவுக்கே உரியவை. 50 கிலோகிராமுக்கு மேல் வளரும் நீலக் கெளுத்தியும் தட்டைத்தலைக் கெளுத்தியும் அக்குடும்பத்தின் பெரியோர். விரல் நீளமே உள்ள சிறு கெளுத்திகளும் அதில் உள. நம் நாட்டுக் கெளுத்திகள் வேறு குடும்பங்களைச் சேர்ந்தவை. எனினும் மீசை, முள், செதிலின்மை ஆகிய பொதுப்பண்புகளால் அனைத்தும் ஒரே வரிசையில் அடங்கும்.

உடலமைப்பு

சேனல் கெளுத்தியின் உடல் நீண்டு, முன்புறம் சற்று உருண்டும் பின்புறம் பக்கவாட்டில் ஒடுங்கியும் இருக்கும். முதுகு சாம்பல் கலந்த நீலநிறமாகவோ ஒலிவப் பசுமையாகவோ இருக்கும்; வயிறு வெண்மையானது. இளமீன்களின் பக்கங்களில் கருநிறப் புள்ளிகள் சிதறிக் காணப்படும். வால் ஆழமாகப் பிளவுற்றது. முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் இடையே, கதிர்களற்ற சதைப்பற்றான சிறு துடுப்பு ஒன்று உண்டு. இதனைக் கொழுப்புத் துடுப்பு என்பர்.

இதனை நீலக் கெளுத்தியினின்று வேறுபடுத்தி அறியக் குதத் துடுப்பை நோக்க வேண்டும். சேனல் கெளுத்தியில் அத்துடுப்பின் விளிம்பு வளைந்திருக்கும். கதிர்கள் பெரும்பாலும் 24 முதல் 29 வரை இருக்கும். நீலக் கெளுத்தியில் விளிம்பு நேர்கோடு போன்றது. கதிர்கள் 30 அல்லது அதற்கு மேற்பட்டவை. நிறத்தை மட்டும் கொண்டு முடிவு செய்தல் தவறாகும்.

வாயைச் சுற்றி நான்கு இணை மீசைகள் உள்ளன. நாசித்துளைகளின் அருகே ஓர் இணையும், மேல்தாடையின் ஓரங்களில் நீண்ட ஓர் இணையும், மோவாயின் கீழ் இரண்டு இணைகளும் ஆக எட்டு மீசைகள். இம்மீசைகள் கொட்டும் என்னும் அச்சம் பல நாடுகளில் உண்டு. அது தவறான எண்ணம். மீசைகள் மென்மையானவை, தீங்கற்றவை. காயம் விளைப்பவை முதுகுத் துடுப்பின் முன்னுள்ள ஒரு முள்ளும், மார்புத் துடுப்புகளின் முன்னுள்ள இரு முட்களுமே ஆகும். மீன் அஞ்சும்போது இம்முட்களை விரித்து, அடிமூட்டில் தாழிட்டது போல் நிறுத்திக்கொள்ளும். அந்நிலையில் அவற்றை வலிந்து மடக்க இயலாது. மூன்று முட்களும் விரிந்த மீனை விழுங்க முயலும் பகைமீனுக்குத் தொண்டையில் அது சிக்கிக்கொள்ளும்.

மார்பு முள்ளுக்கு மற்றொரு பயனும் உண்டு. அதனைக் குறுக்கே மெல்லிய சீவலாக அறுத்து உருப்பெருக்கியில் நோக்கினால், மரத்தின் ஆண்டு வளையங்களைப் போன்ற வளையங்கள் தோன்றும். அவற்றை எண்ணி மீனின் வயதை அறியலாம். பிற மீன்களில் செதில்களைக் கொண்டு வயதறிவது வழக்கம். செதிலற்ற மீனுக்கு முள்ளே அப்பணியைச் செய்கிறது.

உடலில் செதில்கள் இல்லை. வழுவழுப்பான சளி போர்த்த தோல் மட்டுமே உண்டு. இம்மீனின் முழு மரபுத்தொகுதி 2016 ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. செதில் உருவாவதற்குரிய கால்சியப் படிவில் பங்குகொள்ளும் சில மரபணுக்கள் இதில் இல்லாதொழிந்தமையே செதிலின்மைக்குக் காரணம் என அவ்வாய்வு சுட்டிற்று.

உடலெங்கும் நாவுடைய மீன்

நமக்குச் சுவை அறியும் அரும்புகள் நாவிலும் வாயினுள்ளும் மட்டுமே உள்ளன. சேனல் கெளுத்திக்கு அவை வாயினுள்ளும் செவுள்களிலும் இருப்பதோடு, மீசை, உதடு, தலை, பக்கங்கள், துடுப்புகள், வால் என உடலின் புறத்தோல் முழுவதும் பரவியுள்ளன. அவற்றின் எண்ணிக்கை ஓர் இலக்கத்திற்கும் மேற்பட்டது. மீசைகளில் அவை மிகச் செறிந்தும், வாலை நோக்கிச் செல்லச்செல்லக் குறைந்தும் காணப்படும். எனவே இம்மீனை நீந்தும் நாவு எனக் கூறுதல் மிகையாகாது.

சி. ஜட்சன் ஹெரிக் என்னும் அமெரிக்க உயிரியலார் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இக்குடும்பத்து மீன்களைக் கொண்டு இவ்வுண்மையை ஆய்ந்தார். புறத்தோலிலுள்ள சுவையரும்புகளிலிருந்து செல்லும் நரம்பு, முகநரம்பின் கிளையாகும் என்பது தெளிவாயிற்று. அந்நரம்பு சென்று சேரும் பின்மூளைப் பகுதி இம்மீன்களில் தனியொரு மேடாகப் புடைத்திருப்பதும் அறியப்பட்டது. எவ்வுறுப்பு மிகுதியாகப் பயன்படுகிறதோ அதற்குரிய மூளைப்பகுதி பெருத்திருக்கும் என்னும் பொதுநெறிக்கு இது கண்கூடான சான்றாகும்.

சுவையால் தொலைவிலுள்ள இரையை அறிய இயலுமா என்பது நெடுநாள் ஐயமாக இருந்தது. மோப்பமே தொலைவுக்குரியது, சுவை தொட்டறிவதற்குரியது எனப் பலர் கருதினர். 1967 ஆம் ஆண்டில் பார்டாக் முதலிய ஆய்வாளர்கள் சேனல் கெளுத்தியின் நெருங்கிய உறவினங்களைக் கொண்டு இதனைச் சோதித்தனர். மோப்பவுணர்வு நீக்கப்பட்ட மீன்களும் நீரில் கரைந்து வரும் உணவுப்பொருளின் தடத்தைப் பற்றி அதன் மூலத்தை அடைந்தன. ஆனால் ஒரு பக்கத்துச் சுவையுணர்வு நீக்கப்பட்ட மீன்கள், உணர்வுள்ள பக்கமாகவே திரும்பித் திரும்பிச் சுழன்றன. இடப்புறமும் வலப்புறமும் படும் சுவையின் ஏற்றத்தாழ்வை ஒப்பிட்டே மீன் தன் வழியை அறிகிறது என்பது இதனால் புலனாயிற்று.

இவ்வுணர்வு எத்துணைக் கூர்மையானது என்பதை ஒரு கணக்கால் விளக்கலாம். புரதங்களின் உறுப்புகளான அமினோ அமிலங்களே இம்மீனின் சுவையரும்புகளை மிகுதியாகத் தூண்டுகின்றன. அவற்றுள் ஒன்று அலனின். ஒரு ஹெக்டேர் பரப்பும் ஒரு மீட்டர் ஆழமும் உள்ள குளத்து நீர் முழுவதிலும் ஏறத்தாழ ஒரு கிராம் அலனினைச் சீராகக் கரைத்தால் உண்டாகும் செறிவையும் சேனல் கெளுத்தியின் சுவைநரம்பு உணர்ந்து துடிப்பதைக் கருவிகள் காட்டியுள்ளன. இறந்த மீன், நசுங்கிய நத்தை, காயமுற்ற இறால் ஆகியவற்றிலிருந்து அமினோ அமிலங்கள் நீரில் கசிவது இயல்பு. இருட்டிலும் கலங்கலிலும் கெளுத்தி இரையை எங்ஙனம் காண்கிறது என்னும் வினாவுக்கு விடை இதுவே.

செவியும் மின்னுணர்வும்

மீனின் காற்றுப்பை அதன் மிதப்பைச் சீர்செய்வதற்கு உதவுகிறது என்பது யாவரும் அறிந்ததே. கெளுத்தியிலும் கெண்டையினங்களிலும் அப்பைக்கு இரண்டாவது பணியும் உண்டு. நீரில் வரும் ஒலி அலைகள் காற்றுப்பையை அதிரச் செய்கின்றன. அவ்வதிர்வை முதுகெலும்பின் முற்பகுதியிலிருந்து உருவான சிற்றெலும்புகளின் தொடர் ஒன்று உட்செவிக்குக் கொண்டு செல்கிறது. கண்டறிந்த அறிஞரின் பெயரால் இவை வெபர் சிற்றெலும்புகள் எனப்படும். நம் செவியினுள் உள்ள மூன்று சிற்றெலும்புகளின் பணியை இவையும் செய்கின்றன. ஆயினும் தோற்றத்தில் இரண்டுக்கும் தொடர்பில்லை. இவ்வமைப்பால் கெளுத்தி, இவ்வெலும்புகள் இல்லாத மீன்கள் பலவற்றைக் காட்டிலும் மெல்லிய ஒலியையும் உயர்ந்த சுருதியையும் கேட்கவல்லது.

இவையன்றி மின்னுணர்வும் இக்குடும்பத்து மீன்களுக்கு உண்டு. 1917 ஆம் ஆண்டில் பார்க்கர், வான் ஹியூசன் என்னும் இருவர் வெளியிட்ட சோதனை புகழ்பெற்றது. கண் மறைக்கப்பட்ட பழுப்புக் கெளுத்தியின் அருகே கண்ணாடிக் கோலை நீட்டியபோது, அது உடலில் படும்வரை மீன் வாளாவிருந்தது. உலோகக் கோலை நீட்டியபோதோ சில சென்டிமீட்டர் தொலைவிலேயே எதிர்வினை காட்டிற்று. நீரில் உலோகம் உண்டாக்கும் நுண்ணிய மின்னோட்டத்தை மீன் உணர்ந்தமையே காரணம். தோலில் புதைந்துள்ள நுண்குழிகளே இவ்வுணர்வுக்குரிய உறுப்புகள் எனப் பின்னர் அறியப்பட்டது. சேற்றில் மறைந்திருக்கும் உயிர்கள் தம் உடலியக்கத்தால் வெளிப்படுத்தும் மின்புலத்தை இவற்றால் கெளுத்திகள் அறியும்.

உணவும் வளர்ச்சியும்

பகலில் இம்மீன் ஆழ்ந்த மடுக்களிலும், நீரில் சாய்ந்த மரங்களின் அடியிலும், அரித்த கரைகளின் கீழும் ஒதுங்கியிருக்கும். கதிரவன் மறைந்தபின் ஆழம் குறைந்த இடங்களுக்கு வந்து இரை தேடும். இளமீன்கள் நீர்வாழ் பூச்சிகளையும் மிதவை நுண்ணுயிர்களையும் உண்ணும். வளர்ந்தவை பூச்சி, நன்னீர் நண்டுவகை, நத்தை, சிறுமீன், இறந்த உயிர்கள் ஆகிய எதனையும் விலக்குவதில்லை. வெள்ளக்காலத்தில் கரையோர மரங்களினின்று உதிரும் விதைகளையும் முசுக்கட்டைப் பழங்களையும் விழுங்கும். விதைகள் சில செரிக்காமல் வெளிப்பட்டு முளைக்கவும் செய்வதால், வெள்ளச் சமவெளிக் காடுகளில் விதை பரப்பும் பணியும் இம்மீனுக்கு உண்டு.

ஆறுகளில் பிடிபடும் மீன்கள் பெரும்பாலும் 1 முதல் 2 கிலோகிராம் வரை எடையுள்ளவை. தூண்டிலில் பிடிபட்டவற்றுள் மிகப் பெரிது எனப் பதிவு பெற்றது 1964 ஆம் ஆண்டில் தெற்குக் கரோலினா மாநிலத்தில் கிடைத்த 58 பவுண்டு எடையுள்ள மீன். அதாவது ஏறத்தாழ 26 கிலோகிராம்.

வளர்ச்சி நீரின் வெப்பநிலையைப் பெரிதும் சார்ந்தது. 28 முதல் 30 பாகை செல்சியஸ் வரை உள்ள நீரில் இது விரைந்து வளரும். 10 பாகைக்குக் கீழே உணவில் நாட்டம் குன்றும். எனினும் பனிக்கட்டி உறைந்த ஏரியின் அடியிலும் உயிர் தரித்திருக்கும். வெப்பத்தையும் குளிரையும் ஒருங்கே தாங்கும் இவ்வாற்றல் கருத்தில் கொள்ளத்தக்கது. பின்னர் இதற்குத் திரும்புவோம்.

தந்தை காக்கும் கூடு

நீரின் வெப்பம் 21 பாகையைத் தாண்டியதும் முட்டையிடும் காலம் தொடங்கும். 26 அல்லது 27 பாகை மிகவும் ஏற்றது. ஆண்மீனின் தலை அகன்று, உதடுகள் தடித்து, நிறம் கருமையுறும். அது கரையிலுள்ள பொந்து, பாறையிடுக்கு, உள்ளீடற்ற மரத்துண்டு போன்ற இருண்ட புழையைத் தேர்ந்து தூய்மை செய்து, பெண்மீனை எதிர்நோக்கும். பெண்மீன் தன் எடையில் ஒரு கிலோகிராமுக்கு ஏறத்தாழ 6,000 முதல் 8,000 முட்டைகள் வரை இடும். அவை பசை போன்ற பொருளால் ஒன்றோடொன்று ஒட்டி மஞ்சள் நிறத் திரளாக அமையும். முட்டையிட்டதும் ஆண்மீன் பெண்மீனைக் கூட்டினின்று விரட்டிவிடும். அதன்பின் காவற்பொறுப்பு முழுவதும் தந்தையுடையதே.

முட்டைத்திரளின் உட்பகுதியிலுள்ள முட்டைகளுக்குப் பிராணவாயு எட்டுவது அரிது. ஆதலின் ஆண்மீன் தன் துடுப்புகளாலும் உடலாலும் இடையறாது நீரை விசிறுகிறது. அவ்வப்போது திரளையே அசைத்துக் குலுக்குகிறது. கருக்களில் இரத்தக்குழல்கள் தோன்றுவதால் மஞ்சள் நிறம் படிப்படியாகச் செந்நிறம் கொள்ளும். வெப்பநிலைக்கேற்ப 5 முதல் 10 நாள்களில் முட்டைகள் பொரிக்கும். மஞ்சட்கருப் பையைச் சுமந்த குஞ்சுகள் சில நாள்கள் அடியில் குவிந்திருந்து, பின்னர் நீந்தி மேலெழுந்து உணவு தேடும். தொல்லைக்கு உள்ளான தந்தை சிலபோது தன் முட்டைகளையே தின்றுவிடுவதும் உண்டு.

கட்லா, ரோகு முதலிய நம் பெருங்கெண்டைகள் இலக்கக்கணக்கில் முட்டையிட்டு அவற்றை வெள்ளநீரிலேயே விட்டுச் செல்கின்றன. கெளுத்தி சில ஆயிரங்களே இட்டுக் காக்கிறது. பன்மடங்கு ஈன்று கைவிடுதல், சிலவற்றை ஈன்று பேணுதல் ஆகிய இருவழிகளாலும் இனம் நிலைபெறும் என்பதை மாணவர்க்கு விளக்க இவ்விரு மீன்களும் ஏற்ற இணையாகும்.

பண்ணைக்கு வந்த வரலாறு

தேங்கிய குளத்தில் நம் பெருங்கெண்டைகள் முட்டையிடுவதில்லை. 1957 ஆம் ஆண்டில் கட்டாக்கில் ஹீராலால் சௌதுரி பிட்யூட்டரிச் சுரப்புநீரை ஊசி வழியே செலுத்தி அவற்றை முட்டையிடச் செய்தது நம் மீன்வளர்ப்பின் திருப்புமுனை. சேனல் கெளுத்தியின் செய்தி வேறு. அதற்கு வேண்டியது ஊசியன்று; இருண்ட புழை ஒன்றே. அமெரிக்கப் பண்ணையாளர்கள் பழைய பால் கேன்களையும் மரப்பீப்பாய்களையும் குளத்தினடியில் கிடத்தி வைத்தனர். மீன்கள் அவற்றைப் பொந்துகளாக ஏற்று முட்டையிட்டன.

பால் கேனிலிருந்து எடுத்த முட்டைத்திரளைப் பொரிப்பகத்தில் காப்பதற்கும் இயற்கையே ஆசானாயிற்று. நீர் ஓடும் தொட்டிகளில் கம்பிக்கூடைகளை அமைத்து, அவற்றில் முட்டைத்திரளை இட்டு, இடையிடையே சிறு தகடுகள் மெல்லச் சுழலுமாறு செய்தனர். தந்தை மீனின் விசிறலை அத்தகடுகள் செய்தன. ஓர் உயிரின் பழக்கத்தைக் கூர்ந்து நோக்கியதன் பயனாகப் பிறந்த எளிய பொறி இது.

1950-களின் இறுதியில் ஆர்க்கன்சா மாநிலத்தில் வணிக முறை வளர்ப்பு வேரூன்றியது. 1960-களின் நடுவில் மிசிசிப்பி மாநிலத்தில் பருத்தி விளைந்த களிமண் நிலங்களில் குளங்கள் வெட்டப்பட்டன. களிமண் நீரைக் கசியவிடாது. நிலத்தடி நீரோ அங்கு மிகுதி. இவ்விரண்டும் தொழில் வளர்ந்ததற்குக் காரணங்கள். மிதக்கும் தீனியை இம்மீன் விரும்பி உண்பதால், எவ்வளவு உண்கிறது என்பதைப் பண்ணையாளர் கண்ணாலேயே அறிய முடிந்தது. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில் மீன் விற்பனைக்குரிய அளவை அடையும். 2003 ஆம் ஆண்டில் அந்நாட்டுப் பண்ணைகளிலிருந்து ஏறத்தாழ மூன்று இலட்சம் டன் மீன் பதப்படுத்தும் ஆலைகளுக்குச் சென்றது. அதுவே உச்சநிலை. தீனியின் விலையேற்றமும் வியட்நாமிலிருந்து இறக்குமதியான வேறு கெளுத்தியினங்களின் போட்டியும் சேர, அதன்பின் உற்பத்தி குறைந்தது. வட அமெரிக்கக் கெளுத்திக் குடும்பத்து மீன்களையன்றி வேறெதனையும் ‘கேட்ஃபிஷ்’ என்னும் பெயரில் விற்கலாகாது என 2002 ஆம் ஆண்டில் அமெரிக்கச் சட்டம் விதித்தது. பெண் சேனல் கெளுத்தியையும் ஆண் நீலக் கெளுத்தியையும் சேர்த்துப் பெற்ற கலப்பின மீனும் இப்போது பரவலாக வளர்க்கப்படுகிறது.

குளத்தில் நேரும் இடர்கள்

நம் நாட்டுத் தேளி மீனும் மாகுர் கெளுத்தியும் வளிமண்டலக் காற்றையும் சுவாசிக்கும் துணையுறுப்புகள் உடையவை. சேனல் கெளுத்திக்கு அவ்வுறுப்பு இல்லை. அது செவுள்களையே நம்பியது. நெருக்கமாக மீன் வளரும் குளத்தில் பகலில் பாசிகள் பிராணவாயுவை வெளியிடும். இரவில் பாசியும் மீனும் அதனை உட்கொள்ளும். ஆகவே விடியலுக்குச் சற்று முன்னரே அதன் அளவு மிகக் குறைந்திருக்கும். லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்குக் கீழே குறைந்தால் மீன்கள் நலிவுறும். மேலும் குறைந்தால் ஒரே இரவில் குளமே அழிந்துபோகக் கூடும். இதனால் அமெரிக்கப் பண்ணைகளில் இரவு முழுவதும் நீரை அளப்பதும், துடுப்புச் சக்கரங்களை இயக்குவதும் வழக்கம். எம்மீனை வளர்ப்பினும் விடியற்கால அளவீட்டின் இன்றியமையாமை இதனால் விளங்கும்.

இரண்டாவது இடர் நைட்ரைட்டு. மீனின் கழிவிலிருந்து உண்டாகும் இப்பொருள் செவுள் வழியே இரத்தத்திற் புகுந்து, பிராணவாயுவைச் சுமக்கும் சிவப்புப் பொருளைப் பயனற்றதாக்கும். இரத்தம் பழுப்பு நிறமாக மாறும். நீரில் பிராணவாயு போதிய அளவு இருந்தும் மீன் மூச்சுத்திணறும். குளோரைடு அயனிகள் நைட்ரைட்டு செவுளில் நுழைவதைத் தடுக்கின்றன. ஆகையால் லிட்டருக்கு 100 மில்லிகிராம் அளவில் குளோரைடு இருக்குமாறு சாதாரண உப்பை முன்னரே இட்டு வைப்பர்.

மூன்றாவது, நோய்கள். எட்வர்ட்சியெல்லா இக்டாலூரி என்னும் பாக்டீரியத்தால் உண்டாகும் குடல்நோய் 1979 ஆம் ஆண்டில் அறிவியல் முறையில் விவரிக்கப்பட்டது. நீரின் வெப்பம் 22 முதல் 28 பாகை வரை உள்ள இளவேனிலிலும் இலையுதிர் காலத்திலும் அது மிகும்.

உயிருக்கு ஊறு செய்யாது விலையை மட்டும் கெடுக்கும் இடரும் ஒன்றுண்டு. குளத்தில் சிலவகை நீலப்பசும்பாசிகள் பெருகினால் மண்வாடை வீசும் பொருள்கள் மீனின் கொழுப்பில் தங்கும். ஆலைக்கு மீன் அனுப்புமுன் ஓரிரு மீன்களைச் சமைத்து, பழகிய சுவைஞர் ஒருவர் உண்டு பார்த்து ஒப்புதல் அளித்த பின்னரே குளம் அறுவடை செய்யப்படும். உடலெங்கும் சுவையறியும் மீனின் தகுதியை இறுதியில் மனித நாவே தீர்மானிக்கிறது.

தாயகத்திற்கு வெளியே

எதையும் உண்ணுதல், வெப்பமும் குளிரும் தாங்குதல், கலங்கலிலும் இரை காணுதல், முட்டைகளைக் காத்தல், முட்களால் பகையைத் தடுத்தல் ஆகியவை பண்ணையாளர் போற்றும் குணங்கள். இம்மீன் பண்ணையினின்று தப்பிய இடங்களில் இவையே கேடாயின.

அமெரிக்காவின் மேற்கிலுள்ள கொலராடோ ஆறு இம்மீனின் தாயகம் அன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அங்கு இது விடப்பட்டது. அவ்வாற்றுக்கே உரிய கொலராடோ பைக்மின்னோ என்னும் பெரிய இரைகொல்லி மீன், முட்களற்ற மீன்களையே விழுங்கிப் பழகியது. அது சேனல் கெளுத்தியை விழுங்க முற்பட்டுத் தொண்டையில் முள் சிக்கி மடிந்த நிகழ்ச்சிகள் பதிவாகியுள்ளன. அழிவின் விளிம்பிலுள்ள அம்மீனைக் காக்கும் பொருட்டு, கொலராடோவின் கிளையாகிய சான் வான் ஆற்றில் சேனல் கெளுத்திகளை ஆண்டுதோறும் பிடித்து அகற்றும் பணி நடைபெற்று வந்துள்ளது. தன் நாட்டு மீனேயாயினும் தன் ஆற்றைச் சேராதது அயல்மீனே என்பதை இது உணர்த்துகிறது.

ஜப்பானுக்கு 1971 ஆம் ஆண்டில் இம்மீன் வளர்ப்பின் பொருட்டுக் கொண்டுவரப்பட்டது. அந்நாட்டின் இரண்டாவது பெரிய ஏரியாகிய கசுமிகௌராவில் அது தப்பிப் பெருகியது. ஏரிக்குரிய சிறுமீன்களையும் இறால்களையும் அது உண்டது. மீனவர் வலைகளில் நிறைந்து, முட்களால் வலையையும் பிற மீன்களையும் கைகளையும் காயப்படுத்திற்று. 2005 ஆம் ஆண்டில் ஜப்பானிய அரசு இதனைக் கேடு விளைக்கும் அயலினமாகச் சட்டப்படி அறிவித்து, வளர்ப்பதையும் உயிருடன் எடுத்துச் செல்வதையும் கட்டுப்படுத்தியது. சீனாவுக்கு 1984 ஆம் ஆண்டில் சென்ற இதே மீன் அங்குப் பெருமளவில் வளர்க்கப்படுகிறது என்பதையும் கூறுதல் வேண்டும். ஆதாயமும் கேடும் இரண்டும் மெய்யே. ஆதாயத்தைப் பண்ணையின் கணக்குப்புத்தகம் காட்டிவிடும். கேட்டையோ ஆற்றை நெடுங்காலம் நோக்கினாலன்றி அறிய இயலாது.

நம் நாட்டிலும் இத்தகைய அனுபவம் உண்டு. விரைந்து வளரும் ஆப்பிரிக்கக் கெளுத்தி நாட்டில் நுழைந்து, நாட்டு மாகுருக்கும் பிற மீன்களுக்கும் இடர் விளைத்தமையால், 2000 ஆம் ஆண்டில் இந்திய அரசு அதன் வளர்ப்பைத் தடை செய்தது. எனினும் அது பல ஆறுகளில் நிலைபெற்றுவிட்டது. குளத்தில் விட்ட மீனைத் திரும்பப் பிடிக்கலாம். ஆற்றிற் கலந்ததைத் திரும்பப் பெற இயலாது.

ஆசிரியர்க்கும் களப்பணியாளர்க்கும்

சேனல் கெளுத்தி கிடைக்காத இடத்திலும் அதனால் பெறும் அறிவை வகுப்பில் காட்டலாம். சந்தையில் கிடைக்கும் நாட்டுக் கெளுத்தி ஒன்று போதும். மீசைகளை எண்ணி அவற்றின் இடத்தைக் குறிக்கச் செய்க. இறந்த மீனின் முதுகு முள்ளைக் கவனத்துடன் நிமிர்த்தி, அது தாழிட்டு நிற்பதை மாணவர் உணருமாறு செய்க. செதிலற்ற தோலை ரோகுவின் தோலோடு ஒப்பிடுக. இயலுமாயின் காற்றுப்பையைத் திறந்து, அதற்கும் தலைக்கும் இடையிலுள்ள சிற்றெலும்புகளைத் தேடுக. உயிருள்ள மீனை, குறிப்பாகத் தேளியை, மாணவர் கையில் கொடுத்தல் கூடாது. அதன் முள் நச்சுடையது.

களப்பணியாளர் கருத வேண்டியவை சில. வலையில் அறிமுகமற்ற கெளுத்தி சிக்கினால் அதனை நீரில் திரும்ப விடலாகாது. பிளவுற்ற வால், கொழுப்புத் துடுப்பு, மீசைகளின் எண்ணிக்கை, குதத் துடுப்பின் வடிவு, அதன் கதிர்கள் ஆகியவற்றைக் குறித்து, மீனைப் பனிக்கட்டியிலிட்டு மாவட்ட மீன்வள அலுவலகத்திற்கு அனுப்புதல் வேண்டும். அயல்நாட்டு மீன்குஞ்சு மலிவாகக் கிடைக்கிறதென்று கூறி உழவர் அறிவுரை நாடினால், அது எவ்வளவு விரைவில் வளரும் என்பதோடு நில்லாமல், வெள்ளத்தில் குளக்கரை உடைந்தால் அது எங்குச் செல்லும், அங்கு எதனை உண்ணும், அதனை உண்ண அங்கு எவ்வுயிர் உண்டு என்னும் மூன்று வினாக்களையும் எழுப்புதல் அவர்தம் கடமையாகும். அரசின் முன்அனுமதியின்றி அயல்மீன்களை இறக்குமதி செய்தலும் நீர்நிலைகளில் விடுதலும் ஏற்கத்தக்கன அல்ல என்பதையும் உழவர்க்கு எடுத்துரைத்தல் நன்று.